உங்கள் கையெழுத்தில் அவள் கணக்கு

அன்புள்ள என்னவருக்கு,

நலம் விசாரித்துத்தான் ஆரம்பிக்க நினைத்தேன். கோபம் விடவில்லை, நேரே விஷயத்துக்கு வருகிறேன். போனில் நான் குரலை உயர்த்தினால் உங்களுக்கு உடனே சிக்னல் போய்விடும். கடிதத்தில் அந்த வசதி இல்லை. முழுதாகப் படியுங்கள்.

உங்கள் மகள் கணக்குப் பரீட்சையில் நூற்றுக்குப் பத்தொன்பது வாங்கியிருக்கிறாள்.

திங்கட்கிழமை கணக்கு டீச்சர் கூப்பிட்டனுப்பினார். அச்சகத்தில் அரைநாள் லீவு சொல்லிவிட்டு ஓடினேன். அவள் நோட்டையும் விடைத்தாளையும் மேஜையில் விரித்து வைத்து, “நோட்டுல ஒரு தப்பு இல்ல, பரீட்சையில ஒண்ணும் உருப்படியா இல்ல. வீட்டுல யாரும்மா கணக்குப் போடறது?” என்று கேட்டார். முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. யார் போடுகிறார்கள் என்று எனக்குத் தெரியாதா? இவள் சாயங்காலம் கணக்கைப் போட்டோ எடுத்து அனுப்புகிறாள். நீங்கள் கட்டட சைட்டிலிருந்து அறைக்கு வந்ததும் வராததுமாக, வெள்ளைத்தாளில் போட்டுத் திருப்பி அனுப்புகிறீர்கள். இவள் மார்ஜின் போட்டு அழகாகக் காப்பி அடிக்கிறாள். இரண்டு வருஷமாக இதுதான் படிப்பு! அப்பாவும் பெண்ணும் ஒட்டுதலாக இருக்கிறார்களே என்று நானும் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தேன். என்னைத்தான் முதலில் அடிக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்ததும், போன வாரம் நோட்டில் எழுதிய அதே கணக்கைக் கொடுத்து, விடையை ஒரு தட்டால் மூடிவிட்டுப் போடச் சொன்னேன். இரண்டாவது வரியைத் தாண்டவில்லை. “அப்பா போட்டதப் பாத்தா எல்லாம் புரியுதும்மா, நானா போட்டா வரல” என்று ஓவென்று அழுதாள். எப்படி வரும்? பத்து வருஷம் உங்கள் வண்டியின் பின்சீட்டில் உட்கார்ந்திருந்தேன். நீங்கள் வெளிநாட்டு வேலைக்குப் போன பிறகு சாவியை எடுத்தால் கிளப்பக்கூடத் தெரியவில்லை. பக்கத்து வீட்டுச் சுவரில் இரண்டு முறை முட்டிய பிறகுதான் ஓட்ட வந்தது.

இப்போது வீட்டில் என் சட்டம். கடிகாரத்தில் இருபது நிமிஷம் ஆகும்வரை, முட்டிக்கொண்டு நின்றாலும் விடையைத் தொடக்கூடாது. ஒரே பாடத்தில் பத்துக் கணக்கு என்பதும் கிடையாது. எல்லாப் பாடத்துக் கணக்கையும் சீட்டில் எழுதிக் கலக்கிப் போட்டு எடுக்கிறாள். பரீட்சையில் இது எந்தப் பாடம் என்று எழுதியா வைத்திருப்பார்கள்? எனக்குக் கணக்கு சுட்டுப்போட்டாலும் வராது. ஆனால் பதினான்கு வருஷமாக புரூஃப் பார்க்கிறவள் நான். அவள் போட்டதையும் கைடு புத்தகத்து விடையையும் வரிக்கு வரி ஒத்துப் பார்த்து, எங்கே பிசகுகிறதோ அங்கே சிவப்பு வட்டம் போட்டேன். பதினோரு தப்பில் எட்டு ஒரே தப்பு. அடைப்புக்குறியை எடுக்கும்போது மைனஸை விட்டுவிடுகிறாள். இரண்டு வருஷத்தில் இதை நீங்கள் ஒரு தரமாவது பார்த்தீர்களா? எங்கே பார்ப்பது, அவளைத் தப்பாகப் போடவே விடவில்லையே! தப்பானதை மூன்று நாள் கழித்து மறுபடி போடச் சொல்கிறேன். நேற்று ஒன்று யார் துணையுமில்லாமல் வந்தது. ஐம்பது நிமிஷம் ஆயிற்று.

இறுதித் தேர்வுக்கு ஆறே வாரம். இதில் கோட்டைவிட்டால் கட்டடப் பொறியியல் கனவு அதோடு போயிற்று. உங்களைப் போல ஆக வேண்டும் என்றுதான் அந்த ஆசையே வந்தது.

இன்னொன்று. இனி அப்பாவுக்குக் கணக்கு அனுப்பக்கூடாது என்றேன். சரி என்றாள். அப்புறம் தட்டைக் கழுவிக்கொண்டே, “கணக்கு அனுப்பலன்னா அப்பாகிட்ட நான் என்னம்மா பேசறது?” என்று கேட்டாள்.

இந்தக் கடிதம் கிடைத்த அன்றைக்கே அவளைக் கூப்பிடுங்கள். கணக்கைப் பற்றி மூச்சு விடக்கூடாது. இரண்டு பேருக்கும் முதலில் பேச்சு வராது. வராவிட்டால் போகிறது, இருபது நிமிஷம் போனை வைக்காமல் இருங்கள். விடை தெரியாமல் அவள் இருபது நிமிஷம் இருக்கிறாள் அல்லவா, நீங்களும் இருங்கள்.

இன்னும் கோபம் தணியாத,
உங்கள் மனைவி