காயாத பெல்ட்

சேலையூர்
6.4.2025

அன்புள்ள எபி,

இங்கே நலம். நீயும் குழந்தையும் நலமென்று எடுத்துக்கொள்கிறேன். நீ ஷார்ஜா ஆஸ்பத்திரி வேலைக்குப் போய் எட்டு மாதம் ஆகிறது. வகுப்பில் மோதிப் பழக உன் எடையில் ஒரு ஜோடி எனக்கு இன்னும் கிடைக்கவில்லை.

இன்று காலை வகுப்பு முடிந்ததும் நம் மாஸ்டர் ஜெயவேலு என்னை முன்னால் அழைத்து, வெள்ளை பெல்ட்டை அவிழ்த்துவிட்டு நீலத்தைக் கட்டினார். நாற்பத்தெட்டு வயதில் ஜூ ஜிட்சுவில் நீல பெல்ட். நம் ஹால் வழக்கப்படி எல்லாரும் வரிசையாக வந்து ஆளுக்கொரு தடவை என்னைத் தூக்கிப் போட்டார்கள். மெதுவாகத்தான் போட்டார்கள். அதுதான் உறுத்துகிறது.

புள்ளியியல் சொல்லிக்கொடுப்பவளுக்கு இந்தக் கணக்கு புரியாதா? மூன்றரை வருஷம் தவறாமல் வந்ததற்கான பரிசு. வருகைப் பதிவுக்கு மார்க் போடுவது எங்கள் கல்லூரியிலும் உண்டு. போன மாதம் சேர்ந்த ஜெயஸ்ரீ, நாவலூரில் ஐ.டி. வேலை, முன்பே ஜூடோ தெரிந்தவள், என்னை இரண்டு நிமிடத்தில் அடக்கிவிடுகிறாள். அவள் வெள்ளை, நான் நீலம்.

சந்தோஷம்தான், மறைக்கவில்லை. பிரேம் போட்டு மாட்டலாமா என்று ராஜாராமன் கேட்கிறார். கல்யாணமான இருபத்திரண்டு வருஷத்தில் அவர் அடித்த மூன்றாவது ஜோக்.

அங்கே உன் கிளப் எப்படி?

அன்புடன்,
மாளவிகா


ஷார்ஜா
11.4.2025

பிரியமுள்ள அக்கா,

உங்கள் மெயிலை டூட்டி ரூமில் படித்துவிட்டுச் சத்தமாகச் சிரித்தேன். ஜெயவேலு அண்ணா இரக்கப்பட்டு பெல்ட் கொடுக்கிற ஆளா? எனக்கு நாலு வருஷம் இழுத்தடித்தாரே. உங்களோடு உருண்டவள் சொல்கிறேன், வாயை மூடிக்கொண்டு கட்டுங்கள். போட்டோ அனுப்புங்கள்.

இங்கே கிளப் நன்றாக இருக்கிறது. எல்லாரும் நல்லவர்கள்.

எபி


சேலையூர்
27.4.2025

அன்புள்ள எபி,

போட்டோ இல்லை. ஏனென்றால் அதை நான் கட்டவே இல்லை. அடுத்த வகுப்புக்கு வெள்ளையோடு போய், நீலத்தைத் துவைத்தேன், காயவில்லை என்றேன். அதற்கடுத்த வகுப்பிலும் அதையே சொன்னேன். பிறகு ஒருநாள் ஜெயவேலு எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டார்: "சித்திர வெயில்ல ரோடே உருகுது. உங்க பெல்ட்டு மட்டும் பத்து நாளா ஈரமா கீதா, டீச்சர்?" நான் பேராசிரியை என்பதை அவர் ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை.

எனவே கட்டினேன். அன்று ஜெயஸ்ரீ என் வலது கையைப் பிடித்து நீட்டினாள். தோற்றேன், விடு என்பதற்கு அடையாளமாகக் கையால் ஒரு தட்டு தட்டியிருந்தால் விட்டிருப்பாள். சுவரோரம் ஐந்து புதியவர்கள் என் இடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் தட்டவில்லை. முழங்கையில் சத்தம் கேட்டது. அந்தப் பெண் அழுதுவிட்டாள். "ஏன் மேடம் தட்டல?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள்.

எலும்புக்கு ஒன்றுமில்லை, ஆறு வாரம் ஓய்வு. வெள்ளையில் இருந்தவரை ஒரு காலையில் இருபது தடவை கூசாமல் தட்டியவள் நான். கை சரியானதும் பெல்ட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நின்றுவிடப் போகிறேன்.

மாளவிகா


ஷார்ஜா
2.5.2025

பிரியமுள்ள அக்கா,

கோபமாகத்தான் இருக்கிறேன். ஆனால் திட்டுவதற்கு எனக்கு யோக்கியதை இல்லை. உங்களிடம் பொய் சொல்லியிருக்கிறேன். இங்கே எந்த கிளப்புக்கும் நான் போகவில்லை. ஒருநாள் வாசல் வரை போனேன். கண்ணாடி வழியாகப் பார்த்தால் எல்லாரும் ஆறடி. பையில் என் நீல பெல்ட். அதைப் பார்த்து மோதுவார்கள், எனக்கு ஒன்றும் வராதென்று தெரிந்துபோகும் என்று திரும்பிவிட்டேன். புதிதாக ஒரு வெள்ளை வாங்கிக் கட்டலாமா என்றுகூட யோசித்தேன்.

திருப்பிக் கொடுப்பதானால் அண்ணா கையிலேயே கொடுங்கள். ஹாலுக்குக் கீழே இருக்கும் பெயிண்ட் கடையில் வைத்துவிட்டு ஓடாதீர்கள். அவர் என்ன சொன்னாரென்று எழுதுங்கள். எனக்கும் தேவைப்படுகிறது.

எபி


சேலையூர்
15.6.2025

அன்புள்ள எபி,

பெல்ட்டை மடித்து எடுத்துக்கொண்டு சீக்கிரமே போனேன். ஜெயவேலு பினாயில் போட்டு மேட் விரிப்பைத் துடைத்துக்கொண்டிருந்தார். நீட்டினேன். வாங்கவில்லை, துடைப்பதையும் நிறுத்தவில்லை.

"புதுசா வர்றவங்க ஒருத்தரும் தட்ட மாட்டேங்கறாங்க டீச்சர். மானம் பூடும்னு பல்லக் கடிச்சிகினு கையை ஒடிச்சிக்கறாங்க. இந்த ஹால்ல நேரத்துக்குத் தட்டுற ஆளு நீங்க ஒருத்தர்தான். அதப் பாத்து கத்துக்கட்டும்னுதான் நீலம் குடுத்தேன். வாங்கினதும் அதையே நிறுத்திட்டீங்க."

பதிலுக்கு மூன்று வாதங்கள் தயாரித்து வைத்திருந்தேன். ஒன்றும் உதவவில்லை. என் அனுமானம் தவறு என்று ஒப்புக்கொண்டு எனக்கு அதிகம் பழக்கமில்லை. பெல்ட்டைக் கட்டிக்கொண்டேன்.

ஜெயஸ்ரீ என்னோடு சேரப் பயந்தாள். நான்தான் கூப்பிட்டேன். ஆறு நிமிடத்தில் ஏழு தடவை தட்டினேன், எல்லாருக்கும் கேட்கும்படி. கடைசியில் எப்படியோ அவள் காலர் என் பிடிக்குள் வந்தது. பிரமாதமான பிடியில்லை. இதுபோன்ற சமயத்தில் அவள் முகம் சிவக்கத் திமிறுவாள். இன்று தட்டினாள். தட்டிவிட்டு, "ஓகே மேடம், திரும்ப ஆரம்பிக்கலாமா?" என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் பெல்ட்டைத் துவைத்து மொட்டைமாடிக் கொடியில் போட்டேன். ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிட்டது.

நீ என்ன செய்யப் போகிறாய் என்று கேட்கமாட்டேன்.

அன்புடன்,
மாளவிகா


ஷார்ஜா
18.6.2025

பிரியமுள்ள அக்கா,

நேற்று போனேன், நீலத்தோடு. பதினொரு தடவை தட்டினேன். உங்களைவிட நாலு அதிகம்.

இங்கே பால்கனியில் துணி போடக் கூடாதாம். ஏசி அறையில் தொங்குகிறது. நிஜமாகவே இன்னும் காயவில்லை. நாளைக்கு ஈரத்தோடுதான் கட்டிக்கொண்டு போக வேண்டும்.

எபி