நூற்று நாற்பத்தோராம் பக்கம்

டெமோபோலிஸ், அலபாமா
4 மார்ச் 1999

அன்புள்ள தம்பி வெஸ்லிக்கு,

எழுத்து கோணலாக இருப்பதைப் பொறுத்துக்கொள். கோடு போட்ட தாள்தான், ஆனாலும் எழுத்துகள் கோட்டில் உட்கார மறுக்கின்றன. என் வலது கை விரல்கள் எந்தக் கதியில் இருக்கின்றன என்பது உனக்குத் தெரியும். மூன்று முறிந்து கூடியவை. அதில் ஒன்றை முறித்தது உன் பந்து. ஆகவே இந்தக் கிறுக்கலில் உனக்கும் பங்கு உண்டு.

ஆமாம், நான்தான் எழுதுகிறேன். யாரும் எழுதித் தரவில்லை. இந்த ஒரு தாளுக்கு நான்கு மாலைகள் ஆகின்றன.

எங்கள் மாதாகோயிலின் கீழ்த்தளத்தில் செவ்வாயும் வியாழனும் வகுப்பு நடக்கிறது. தபால் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற மிஸ் ப்ரூயிட் சொல்லித் தருகிறார். ஏழு பேர் படிக்கிறோம். அறுபத்தொன்பது வயதில் நான்தான் மூத்தவன். முதல் மாதம் முடிந்ததும் என் தெரு முனைக்குப் போய்ப் பெயர்ப்பலகையைப் படித்தேன். முப்பத்தொரு வருடமாக இதே தெருவில் இருக்கிறேன். சரியாகத்தான் எழுதியிருக்கிறார்கள்.

"யாருக்காவது ஒரு கடிதம் எழுதுங்க, மிஸ்டர் கேட்லின்" என்றார் மிஸ் ப்ரூயிட்.

"எனக்குப் படிச்சுக் காட்டினவங்க ரெண்டே பேரு, அம்மா. ஒருத்தி போயிட்டா" என்றேன்.

உன் அண்ணி ஒடெஸ்ஸா இறந்து இரண்டு வருடம் ஆகிறது. உனக்குச் சொல்லி அனுப்ப அப்போது எனக்கு வழி தெரியவில்லை. மீதி இருப்பது நீ.

நாம் ஒரே அணியில் விளையாடப் போன ஊர்களில், விடுதி அறைகளில், அவள் கடிதங்களை நீதான் எனக்குப் படிப்பாய். நடுவில் நீயாக ஒரு வரி சேர்ப்பாய். "அப்புறம், தம்பி வெஸ்லிக்கு ஒரு நல்ல சட்டை வாங்கிக் குடுங்கன்னு எழுதியிருக்காங்க அண்ணே" என்பாய். எனக்கு அப்போதே தெரியும். ஆனாலும் வாங்கித் தந்தேன்.

பேஸ்பாலில் என்னை யாருக்கும் நினைவில்லை. நினைவு வைக்க என்ன இருக்கிறது? பெரிய லீகில் மூன்று வருடம், அதற்கு முன் சின்ன ஊர்களில் ஒன்பது. மட்டை என் கையில் விறகுக்கட்டைதான். ஆனால் நான் மட்டைக்காரனுக்குப் பின்னால் பந்து பிடிக்கும் கேட்சராகக் குந்தியிருந்தபோது என்னை ஏமாற்றி அடுத்த பேஸுக்கு ஓடிவிட்டவர்களை எல்லாம் ஒரு காரில் அடைத்துவிடலாம். எந்த மட்டைக்காரனுக்கு எந்தப் பந்து ஆகாது என்பது ஒரு காகிதமும் இல்லாமல் எனக்குத் தெரியும். எண்ணூறு பேர் இருப்பார்கள். இன்றைக்கும் படுத்தால் அவர்களில் நாலைந்து பேர் வந்து நிற்கிறார்கள்.

முப்பத்தேழு வருடம் ஆயிற்று. பதில் போடு. பெரிய எழுத்தாக எழுது.

உன் அண்ணன்,
எல்மோர்

*

டேட்டன், ஒஹாயோ
15 மார்ச் 1999

அன்புள்ள எல்மோர் அண்ணனுக்கு,

உறையில் உங்கள் பெயரைப் பார்த்ததும் உங்கள் மகள் வெர்லீன்தான் ஏதோ கெட்ட செய்தி எழுதியிருக்கிறாள் என்று நினைத்து, பிரிக்காமல் மேசையில் வைத்துவிட்டேன். "நீங்க பிரிக்கலைன்னா நான் பிரிப்பேன்" என்று என் மனைவி லொரெய்ன்தான் என் கையில் திணித்தாள். படித்துவிட்டு எழுந்து கொல்லைப்பக்கம் போய் நின்றேன்.

ஒடெஸ்ஸா அண்ணிக்காக இங்கே இருவரும் பிரார்த்தித்தோம். அந்தச் சட்டை நீலம். எனக்கு நினைவிருக்கிறது.

எனக்கு இரண்டு முழங்காலும் போயிற்று. தோள் மழை வருவதை முன்கூட்டியே சொல்கிறது. நல்ல செய்தியும் உண்டு. ஆகஸ்ட் பதினான்காம் தேதி நம் பழைய மைதானத்தில் என் ஆட்டச் சட்டையின் எண்ணைச் சுவரில் ஏற்றுகிறார்கள். இருபத்தேழு. இனி அந்த எண்ணை யாரும் போட முடியாது. நீங்கள் கட்டாயம் வரவேண்டும். ரயில் டிக்கெட் என் பொறுப்பு. என் பேரப்பிள்ளைகள் பதினொரு பேருக்கும் உங்களைக் காட்டவேண்டும்.

போன வருடம் என்னைப் பற்றி ஒரு புத்தகம் வந்தது. இத்துடன் ஒரு பிரதி அனுப்புகிறேன். நடுவில் படங்கள் இருக்கின்றன, பாருங்கள். மூன்றாவது படத்தில் கேட்சர் முகமூடியைக் கழற்றிக்கொண்டு என் பக்கத்தில் நிற்பது நீங்கள்தான். நாம் எவ்வளவு ஒல்லியாக இருந்திருக்கிறோம்.

அன்புடன்,
வெஸ்லி

*

டெமோபோலிஸ்
27 ஏப்ரல் 1999

அன்புள்ள தம்பி வெஸ்லிக்கு,

புத்தகம் வந்தது. படங்களைப் பார்த்தேன். பிறகு முதல் பக்கத்திலிருந்து படித்தேன்.

ஐந்து வாரம் ஆயிற்று. புரியாத சொற்களுக்குக் கீழே கோடு போட்டு மிஸ் ப்ரூயிட்டிடம் கொண்டுபோனேன். நீ பிறந்தது, உன் அப்பா நிலக்கரிச் சுரங்கத்தில் இறந்தது எல்லாம் படித்தேன். உன் அம்மா பெயர் கோரா என்பது எனக்குத் தெரியாது. மூன்று வருடம் ஒரே அறையில் இருந்தும் உன் அம்மா பெயரை நான் கேட்டதில்லை.

நூற்று நாற்பத்தோராம் பக்கத்தில் என் பெயர் இருக்கிறது. அச்சில் என் பெயரை நானே படித்தது அதுதான் முதல் முறை. அந்தப் பக்கத்தில் இருப்பதைப் பார்த்து எழுதுகிறேன்:

"எல்மோர் கேட்லின் வலிமையான தோளும் மந்தமான மூளையும் கொண்ட கேட்சர். செப்டம்பர் 1962இல், ஒரு வெற்றி கிடைத்தால் முதலிடம் என்ற நிலையில், சைகையை மறந்து பந்தைக் கோட்டைவிட்டு ஒரு முழு வருடத்தின் உழைப்பை அழித்தார். 'மறந்துவிட்டேன்' என்று அவரே மேனேஜரிடம் ஒப்புக்கொண்டார்."

புத்தகக்காரர் பொய் எழுதவில்லை. நான் அப்படித்தான் சொன்னேன்.

அந்த நாளை நீ மறந்திருக்க மாட்டாய். ஆனாலும் எழுதுகிறேன். எழுதினால்தான் எது முன்னே எது பின்னே என்று எனக்கு ஒழுங்காக வருகிறது.

காலையில் மிசஸ் டாலிவர் விடுதியில் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். மக்காச்சோளக் கூழும் முட்டையும். நான்தான் ஆரம்பித்தேன்.

"என்னடா, போன ஆட்டத்துல பந்து எறிஞ்சியா, கோழிக்குத் தீனி போட்டியா?"

எல்லோரும் சிரித்தார்கள். உனக்கு முகம் சிவந்துவிட்டது. நீ அன்றைய செய்தித்தாளை மேசைமேல் என் பக்கம் தள்ளினாய்.

"நான் எப்படி எறிஞ்சேன்னு இதுல போட்டிருக்கான். சத்தமா படிங்கண்ணே, எல்லாரும் கேக்கட்டும்."

அதற்குப் பிறகு நாம் பேசிக்கொள்ளவில்லை. மற்றவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்குப் படிக்கத் தெரியாதென்று அணியில் உனக்கு மட்டும்தான் தெரியும்.

எனக்கு எதிரே இரண்டாம் பேஸில் எதிரணிக்காரன் வந்து நின்றால், எந்தப் பந்தை எறி என்று நான் கால்களுக்கு நடுவே காட்டும் விரல்கள் அவன் கண்ணுக்கும் படும். அதனால் மூன்று முறை காட்டுவேன். மூன்றில் எது நிஜம் என்பதை அன்றன்று ஒரு காகிதத்தில் எழுதி, உடை மாற்றும் அறைச் சுவரில் ஒட்டுவார்கள். தினமும் நீ என் பக்கத்தில் உட்கார்ந்து ஷூவைக் கட்டிக்கொண்டே அதை முணுமுணுப்பாய். அன்று நீ அறையின் அந்தக் கோடியில் உட்கார்ந்தாய். நான் மற்றவர்களைப் போலக் காகிதத்தின் முன் நின்று தலையை ஆட்டிவிட்டு வந்தேன். அந்த வாரம் முழுவதும் முதல் சைகைதான் நிஜம். அன்றும் அதுவாகத்தான் இருக்கும் என்று வைத்துக்கொண்டேன். உன்னிடம் கேட்டிருக்கலாம். கேட்க மனம் வரவில்லை.

எட்டு இன்னிங்ஸ் வரை ஒருவனையும் இரண்டாம் பேஸுக்கு நீ விடவில்லை. உன் வாழ்நாளில் அதைவிட நன்றாக நீ எறிந்ததில்லை. இரண்டு பக்கமும் ஓட்டம் இல்லை. கடைசியான ஒன்பதாவதில்தான் மூன்றாம் பேஸில் ஒருவன், இரண்டாம் பேஸில் ஒருவன். நான் காட்டினேன்: ஒரு விரல், இரண்டு விரல், ஒரு விரல். ஒரு விரல் என்றால் வேகப்பந்து, இரண்டு என்றால் வளைபந்து. நான் கேட்டது வேகப்பந்து. அன்றைய காகிதத்தில் இரண்டாவது சைகைதான் நிஜம் என்று எழுதியிருந்ததால் நீ வளைபந்தை எறிந்தாய். நான் மேலே எழுந்தேன், பந்து கீழே போயிற்று. மூன்றாம் பேஸில் நின்றவன் ஓடி வந்து ஓட்டம் எடுத்தான். ஆட்டம் முடிந்தது. அது உன் எறி தப்பிய பந்தா, நான் பிடிக்கத் தவறிய பந்தா என்று கணக்கெழுதுபவர் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. என் பெயரில் எழுதினார்.

"என்னய்யா ஆச்சு உனக்கு?" என்றார் மேனேஜர்.

"மறந்துட்டேன் சார்."

படிக்கத் தெரியாதவன் என்பதைவிட மறதிக்காரன் என்பது அன்றைக்கு எனக்குக் கௌரவமாகப் பட்டது. மறுநாள் என்னை வீட்டுக்கு அனுப்பினார்கள். பிறகு ஒரு அணியும் கூப்பிடவில்லை. இருபத்தெட்டு வருடம் மர ஆலையில் பலகை தூக்கினேன். ஒடெஸ்ஸாவிடமும் மறந்துவிட்டேன் என்றுதான் சொன்னேன். அவள் அதை நம்பியபடியே போய்விட்டாள்.

வெஸ், நீ வாய் திறக்காமல் இருந்தது என் மானத்துக்காக என்று இத்தனை வருடமும் எண்ணியிருக்கிறேன். அதற்கு நன்றி. இனி அது வேண்டாம். எனக்குப் படிக்கத் தெரியாமல் இருந்தது என்று யாரிடமும் சொல்ல இப்போது கூச்சமில்லை. புத்தகம் மறுபடி அச்சாகிறது என்று அட்டையில் போட்டிருக்கிறது. நீ புத்தகக்காரரைக் கூப்பிட்டு, "அவருக்கு மறதி இல்லை, அந்தக் காகிதத்தை அவரால் படிக்க முடியவில்லை" என்று சொல். நீ சொன்னால் மாற்றுவார். எனக்கு அந்த இரண்டு வரி போதும். எண்ணூறு மட்டைக்காரர்களை மனத்தில் வைத்திருந்தவனை மந்தமான மூளை என்று எழுதியிருப்பது மட்டும் பொறுக்கவில்லை.

உன் அண்ணன்,
எல்மோர்

*

டேட்டன்
14 மே 1999

எல்மோர் அண்ணனுக்கு,

படங்களைப் பாருங்கள் என்று எழுதினேன். உங்கள் கடிதத்துக்குப் பதில் எழுதுகிற அதே கையால் அதை எழுதியிருக்கிறேன். நீங்கள் படிப்பீர்கள் என்று எனக்கு உறைக்கவே இல்லை.

உங்களிடம் மறைக்க மாட்டேன். நீங்கள் முதல் விரலைக் காட்டியபோதே, எது நிஜம் என்று அறியாமல் காட்டுகிறீர்கள் என்பது எனக்குத் தெரிந்துவிட்டது. அன்று உங்களுக்குக் காகிதத்தைப் படித்துச் சொல்லவில்லை என்பது அப்போது நினைவுக்கு வந்தது. நேரம் இருந்தது. கை காட்டி உங்களைக் கூப்பிட்டிருக்கலாம். நீங்களாக எழுந்து வந்து கேட்கட்டும் என்று நின்றேன். நீங்கள் வரவில்லை. நான் காகிதப்படி எறிந்தேன். உங்கள் மானத்துக்காக நான் வாயை மூடியிருந்தேன் என்று நினைத்தால், அது உங்கள் நல்ல மனம்.

ஆனால் புத்தகக்காரரிடம் என்னால் பேச முடியாது. படிக்கத் தெரியாது என்று சொன்னால், பிறகு தினமும் யார் படித்துச் சொன்னது, அன்று ஏன் சொல்லவில்லை என்று கேட்பார். ஆகஸ்டில் பதினொரு பேரப்பிள்ளைகளும் முன்வரிசையில் உட்காருவார்கள். ஆகஸ்ட் போகட்டும் அண்ணே. அதற்கப்புறம் பார்க்கலாம். இத்தனை வருடம் பொறுத்தவர் நீங்கள்.

டிக்கெட் வைத்திருக்கிறேன். வாருங்கள்.

வெஸ்லி

*

டெமோபோலிஸ்
29 மே 1999

வெஸ்லிக்கு,

உன் கடிதத்தை முதலில் மெதுவாகப் படித்தேன். நான் தப்பாகப் படித்திருப்பேனோ என்று இன்னொரு முறை படித்தேன். மிஸ் ப்ரூயிட்டிடம் காட்டவில்லை. அதில் எனக்குப் புரியாத சொல் ஒன்றும் இல்லை.

அந்தப் பந்து உனக்கும் எனக்கும் நடுவில் நேர்ந்த ஒரு தவறு என்றுதான் இருந்தேன். பாதி என் வாய்க்கொழுப்பு, பாதி உன் கோபம். அதோடு இருந்துவிட்டுப் போயிருக்கலாம். நீ பந்தெறியும் மேட்டில் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாய் என்பது எனக்குத் தெரியாது. முகமூடிக்குள்ளிருந்து நானும் உன்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நல்ல பிள்ளை, களைத்துப்போயிருக்கிறான், ஒரு வேகப்பந்து போதும், இவனை வீட்டுக்குக் கூட்டிப்போய்விடலாம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

உண்மையைச் சொன்னதற்கு உன்மேல் கோபம் இல்லை. என்னிடம் சொல்ல முடிந்தது, புத்தகக்காரரிடம் முடியவில்லை. அதுவும் விளங்குகிறது. ஆனால் ஆகஸ்ட் வரை பொறு என்கிறாயே, எனக்கு இதயத்தில் ஒரு குழாய் அடைத்திருக்கிறது. டாக்டர் எழுதித் தந்ததை நானே படித்தேன். அதில் ஆகஸ்ட் பற்றி ஒன்றும் இல்லை.

வெர்லீன் ஞாயிற்றுக்கிழமை வந்தாள். நூற்று நாற்பத்தோராம் பக்கத்தைக் காட்டி எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்பா, உங்களுக்குப் படிக்கத் தெரியாதுன்னு எனக்கு ஏழு வயசிலேயே தெரியும். உங்களுக்குப் படிச்சுக் காட்டினதே அம்மாதானே. நீங்க மறந்துட்டேன்னு சொன்னதை அம்மா ஒரு நாளும் நம்பலை" என்றாள்.

"அப்புறம் ஏன்டி கேக்கலை?"

"நீங்க சொல்ல வேண்டாம்னு இருந்தீங்க. விட்டுட்டாங்க."

அதைக் கேட்டதும் நான் அழுதேன். அவள் தட்டுகளைக் கழுவிக்கொண்டே இருந்தாள், திரும்பிப் பார்க்கவில்லை. நல்ல பெண்.

டிக்கெட்டை வேறு யாருக்காவது கொடு. உன் எண் சுவரில் ஏறட்டும். அது உன் தோள் சம்பாதித்தது, நான் குறை சொல்ல ஒன்றும் இல்லை. அந்த எட்டு இன்னிங்ஸ் போல் எறிந்தவனை நான் பார்த்ததில்லை. யார் கேட்டாலும் அதைச் சொல்வேன்.

புத்தகக்காரருக்கு நானே எழுதப்போகிறேன். அன்று சுவரில் ஒரு காகிதம் இருந்தது, எனக்கு அதைப் படிக்கத் தெரியாது, வெட்கத்தில் மறந்துவிட்டேன் என்று சொல்லிவிட்டேன், அவ்வளவுதான் எழுதுவேன். உன் பெயர் அதில் வராது. தினமும் யார் படித்துச் சொன்னது என்று அவர் திருப்பிக் கேட்டால் மட்டும் பொய் சொல்ல மாட்டேன். இதை உனக்கு முன்கூட்டியே தெரிவிக்கிறேன். பேரப்பிள்ளைகளிடம் நீயே முதலில் சொல்லவேண்டுமானால், உனக்கு நேரம் இருக்கிறது.

இந்தத் தாள் முடிகிறது, கையும் வலிக்கிறது. அடுத்த வாரம் மறுபடி எழுதுவேன், ஆனால் உனக்கல்ல, அவருக்கு. அவர் குடும்பப் பெயரில் பதினான்கு எழுத்து இருக்கிறது. ஒரு மாலை முழுக்க அதற்கே போகும்.

எல்மோர் கேட்லின்