ஃபேன் வேகத்தில் கை வைக்காதே

அண்ணா,

சாப்பாடு அடுப்பின் மேல் இருக்கிறது. சூடு பண்ணிக்கொள்.

என் கம்ப்யூட்டர் ஃபேன்களின் வேகத்தைக் குறைத்தது நீதான். "ஹெலிகாப்டர் சத்தத்தை ஒரு வழியா அடக்கிட்டேன்" என்று நீ அண்ணியிடம் சிரித்தது சுவர் வழியாகக் கேட்டது. சூடு ஏற ஏற ஃபேன் வேகமெடுக்கும்படி நான் வைத்திருந்தேன். நீ எல்லாவற்றையும் ஆகக் குறைந்த வேகத்தில் நிறுத்திவிட்டாய். பிராசசர் கொதித்து மெஷின் தானாக அணைந்துவிட்டது. என் ஆய்வுக்காகப் போன வாரத்திலிருந்து அதில் ஓடிக்கொண்டிருந்த கணக்கீட்டில் பாதி போய்விட்டது.

மிஞ்சியதிலிருந்து மறுபடி ஓடவிட்டிருக்கிறேன். திங்கட்கிழமை பேராசிரியரிடம் முடிவைக் கொடுக்காவிட்டால் ஆய்வுக் குழுவில் என் இடம் வேறொருவருக்குப் போய்விடும். இதை உனக்கு முன்பே சொல்லியிருக்கிறேன். நீ போனைப் பார்த்துக்கொண்டே "ம்" என்றாய்.

உன் தூக்கம் கெட்டது உண்மைதான். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். இவள் எங்கே வாய் திறக்கப்போகிறாள் என்று நினைத்துவிட்டாய்.

இப்போது ஃபேன்கள் முழு வேகத்தில் ஓடுகின்றன. மாற்ற முடியாதபடி பாஸ்வேர்ட் போட்டுவிட்டேன்.

குழாய் ரிப்பேருக்கு ஆள் வருவார். சாவி வாசல் ஆணியில் இருக்கிறது. அவரை என் அறை சுவிட்சைத் தொட விடாதே.

பி.கு.: காதில் அடைத்துக்கொள்ளப் பஞ்சு வாங்கி உன் தலையணை மேல் வைத்திருக்கிறேன். பாசம் என்று அண்ணியிடம் பெருமையடிக்காதே. திங்கள் வரை நீ எழுந்து என் அறைப் பக்கம் வரக்கூடாது, அவ்வளவுதான்.