சந்தனம் வைக்க நெற்றி இல்லாத பெட்டி

நேற்றுப் பிற்பகல் கூடத்தில் சூடேறிய சந்தனத்தின் வாசனை வந்தது. முதலில் உன் ஞாபகம் வந்தது. உடனே கோபம் வந்தது. நீ இருந்த காலத்திலும் நம் சிநேகிதத்தில் இதே வரிசைதான்.

அந்த வாசனை உனக்குத் தெரியும். சரஸ்வதி பூஜையன்று நம் கம்ப்யூட்டருக்குச் சந்தனம் வைத்து, ஒரு நாள் தொடாமல் விட்டு, விஜயதசமிக்கு ஓட்டுவோம். அந்த டவர் பெட்டி சூடேறச் சூடேற அதன் மேலிருக்கும் சந்தனம் மெல்ல வாசம் விடும். "கோயில் உள்ள உக்காந்து கேம் விளையாடுற மாதிரி இருக்குலா" என்பாய். நேற்றும் விஜயதசமிதான். ஆனால் வாசனை டவரிலிருந்து வரவில்லை. பார்வதி வாங்கிய புதிய சின்னப் பெட்டியிலிருந்து வந்தது. அதைப் பற்றித்தான் உன்னிடம் முறையிட வேண்டியிருக்கிறது. வேறு யாரிடம் ஆரம்பித்தாலும், பாதியிலேயே அவர்கள் பார்வதி பக்கம் சாய்ந்துவிடுகிறார்கள்.

பெட்டியின் பெயர் மினி பிசி. இரண்டு உள்ளங்கைகளைச் சேர்த்து நீட்டினால் அதில் உட்கார்ந்துகொள்ளும். நம் டவரோ என் முழங்கால் உயரம். நீயும் நானும் ரோச்சோர் கம்ப்யூட்டர் கடை மாடிகளில் ஏறி இறங்கி, ஒவ்வொரு பாகமாக வாங்கி, ஃபேரர் பார்க்கில் இதே கூடத்துத் தரையில் உட்கார்ந்து பூட்டியது. திருகாணி என் பொறுப்பு, பொட்டு உன் பொறுப்பு. எனக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. பழைய பத்திரிகைகளைப் படித்து, தப்பாகச் சொருகி, ஷாக் அடித்துக் கற்றுக்கொண்டவன் நான். இன்று பக்கத்து வீட்டுப் பையன்கள்கூட எனக்கு ராம் என்றால் என்னவென்று விளக்க வருகிறார்கள்.

சண்டை ஒரு மூலையால் வந்தது. பார்வதி கால் பிடித்துவிடும் மெஷின் ஒன்று வாங்கியிருக்கிறாள். அதை டவர் இருக்கும் மூலையில் வைக்க வேண்டுமாம்.

"என்னங்க, உங்க டவர் போடுற சத்தத்துல சீரியல்ல யாரு அழுவுறாங்கன்னே தெரிய மாட்டேங்குது."

"எல்லாரும்தான் அழுவுறாங்க. அதுக்கு எதுக்குக் காது?"

"இது போகட்டும். சின்னதா, சத்தம் போடாததா ஒன்னு நான் வாங்கித் தரேன்."

கடைக்கு நானும் போனேன். போகாவிட்டால் எதையாவது தலையில் கட்டிவிடுவார்கள். சீன இளைஞன் ஒருவன் பெட்டியைக் கையில் எடுத்து, "அங்கிள், ஸ்மால் பட் பவர்ஃபுல் லா" என்று ஆங்கிலத்தில் ஆரம்பித்தான். நான் கேள்விகளைத் தொடுத்தேன். கிராபிக்ஸ் கார்டு எங்கே? தனியாக இல்லை, உள்ளேயே இருக்கிறது என்றான். உள்ளே என்றால் எங்கே? சிப்புக்குள் என்றான். சூடு எங்கே போகும்? வெளியே போகும் என்றான். எவ்வளவு நேரம் கழித்து? அவன் என்னை விட்டுவிட்டு, அங்கிள் இன்ஜினியரா என்று பார்வதியைக் கேட்டான். "இல்ல, ஷிப்யார்டுல ஸ்டோர்கீப்பரா இருந்தாரு" என்று சொல்லி மானத்தை வாங்கினாள்.

வீட்டுக்கு வந்து நான் நிபந்தனை போட்டேன். பரீட்சை வைப்பேன். அன்றாட வேலை, விளையாட்டு இரண்டிலும் சின்னப் பெட்டி தேறினால் டவர் போகலாம். ஒன்றில் கோட்டைவிட்டாலும் பெட்டி கடைக்குத் திரும்பும், டவர் மூலையிலேயே இருக்கும். "சரி" என்று உடனே ஒத்துக்கொண்டாள். பிறகு பழைய சாமான் எடுக்கும் கராங்குனிக்காரருக்குப் போன் போட்டு, சனிக்கிழமை காலையில் வரச் சொல்லிவிட்டாள். என் கண் முன்னாலேயே.

அவளிடம் நான் சொன்ன காரணங்கள் வேகம், வெப்பம், உழைப்பு. உன்னிடம் மறைத்து என்ன ஆகப் போகிறது? டவரின் பக்க மூடியில், மேல் மூலையில், நீ கடைசியாக வைத்த சந்தனம் இருக்கிறது. காய்ந்து வெளிறிவிட்டது, ஆனால் உன் கட்டைவிரல் ரேகை அப்படியே பதிந்திருக்கிறது. ஒவ்வொரு வருடமும் பழையதை ஈரத்துணியால் துடைத்துவிட்டுத்தான் புதிது வைப்பாய். போன வருடம் துடைக்க நீ இல்லை. நானும் துடைக்கவில்லை. டவர் போனால் அதுவும் போகும். அதனால்தான் சின்னப் பெட்டி தோற்க வேண்டும் என்று விரும்பினேன்.

இதில் இன்னொரு எரிச்சல், அது ஜெயித்தால் நீயும் ஜெயிப்பாய்.

டவரைப் பூட்டி முடித்த அன்று நீ அதற்குள் முழங்கை வரை கையை விட்டுத் துழாவியது நினைவிருக்கிறதா? சாங்கி விமான நிலையத்தில் காலமெல்லாம் விமானச் சரக்கு ஏற்றியவன் நீ. பெட்டிக்குள் காலி இடம் இருந்தால் உனக்குப் பொறுக்காது.

"என்னலா இது, உள்ள பாதி காத்துதான் இருக்கு. காத்துக்கு எதுக்கு இவ்ளோ பெரிய வீடு?"

"அந்தக் காத்துதான்டா இதுக்கு உசிரு. சூடு போறதுக்கு இடம் வேணும்."

"பாத்துக்கிட்டே இரு, ஒரு நாள் இதெல்லாம் சோப்பு டப்பா சைஸுக்கு வரும்."

"வந்தா என் பேரை மாத்திக்கிறேன்."

பார்வதி அப்போது அடுப்படியில் இருந்தாள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

பரீட்சைக்கு வருகிறேன். முதலில் அன்றாட வேலை. கோயில் அன்னதானக் குழுவின் அறிவிப்பைத் தமிழில் தட்டினேன். எழுத்து உடையவில்லை. மெல்பர்னில் இருக்கும் மகளோடு வீடியோவில் பேசிக்கொண்டே, பின்னால் பழைய படங்கள் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் திறந்தேன். திணறவில்லை. பிரிண்டரைத் தேடித் தானே கண்டுபிடித்தது. நம் டவருக்கு அந்த பிரிண்டரை அறிமுகம் செய்துவைக்க நாம் ஒரு தீபாவளியையே தொலைத்தோம். இது சத்தமும் போடவில்லை. ஓடுகிறதா இல்லையா என்று நான் விளக்கைக் குனிந்து பார்க்க வேண்டியிருந்தது. எனக்கு அது பிடிக்கவில்லை. வேலை செய்கிறவன் கொஞ்சம் முனகினால்தான் வேலை நடக்கிறது என்று தெரியும்.

விளையாட்டில் மாட்டும் என்று நம்பினேன். அதற்கு நம் லாரி விளையாட்டைத் தேர்ந்தெடுத்தேன். கிளமெண்டியிலிருந்து சனிக்கிழமைதோறும், வழியில் தேக்காவில் இறங்கி வடை வாங்கிக்கொண்டு வந்து, நீ ஐரோப்பா முழுக்க ஓட்டிய அதே லாரி. வாழ்நாளெல்லாம் சரக்கு ஏற்றிவிட்டு, ஓய்வு பெற்றபின் சரக்கு ஓட்டி விளையாடிய ஒரே ஆள் நீதான். அதிலும் ஆளே இல்லாத சந்தியில் சிவப்பு விளக்குக்கு நிற்பாய்.

"போடா, யாரு பாக்குறா?"

"கேமரா இருக்கும்லா."

"இது கம்ப்யூட்டர்டா!"

"அப்ப கண்டிப்பா இருக்கும்."

நான் ஓட்டும் முறை வந்தால் நிற்க மாட்டேன். நீ கண்ணை மூடிக்கொள்வாய்.

பூஜை வந்துவிட்டதால் விளையாட்டுப் பரீட்சையை விஜயதசமிக்குத் தள்ளிவைத்தேன். பூஜையன்று சின்னப் பெட்டியைத் தாம்பாளத்தில் வைத்தாள் பார்வதி. "பொட்டு வைங்க" என்று சந்தனக் கிண்ணத்தை நீட்டினாள். இத்தனை வருடத்தில் நான் ஒரு கம்ப்யூட்டருக்கும் பொட்டு வைத்ததில்லை. அதை உன் இலாகாவாக விட்டுவிட்டேன். பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். முன்னால் சொருகும் துளைகள். பின்னால் கேபிள்கள். இரண்டு பக்கமும் வலை. இதற்கு நெற்றி என்று ஓர் இடமே இல்லை. மேல்புறத்தில் மட்டும் கொஞ்சம் பரப்பு இருந்தது. அதில் அழகுக்காகப் புள்ளிக்கோலம் போல ஏதோ போட்டிருந்தார்கள். சரி, இதுதான் முகம் என்று முடிவு செய்தேன். நான் பாரபட்சம் காட்டினேன் என்று பிறகு பேச்சு வரக்கூடாது. அதனால் டவருக்கு நீ வைக்கும் அளவுக்குக் குறையாமல், தாராளமாக, மூன்று விரல் அகலத்துக்குச் சந்தனம் பூசி நடுவில் குங்குமமும் வைத்தேன்.

நேற்று மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு கும்பிட்டுவிட்டு ஓட்டினேன். ஹாலந்திலிருந்து பாலாடைக்கட்டி ஏற்றி, வேண்டுமென்றே பெருமழையைத் தேர்ந்தெடுத்தேன். மழை என்றால் ஒவ்வொரு துளியையும் கணினி வரைந்தாக வேண்டும். முதலில் ஒழுங்காகத்தான் போனது. கொஞ்ச நேரத்தில் பெட்டி கொசுவைப் போல ரீங்காரமிட ஆரம்பித்தது. பிறகு லாரி கல்யாண ஆல்பம் மாதிரி ஒவ்வொரு படமாக நகர்ந்தது. தொட்டுப் பார்த்தேன், சுட்டது. எனக்கு வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வேன்!

"பார்வதி! இங்க வா! வந்து உன் பெட்டியோட லட்சணத்தைப் பாரு!"

கையில் கரண்டியோடு வந்தாள். திரையைப் பார்க்கவில்லை. மூக்கைச் சுருக்கினாள்.

"ஏன் சந்தனம் கருகுற வாசனை வருது?"

"வாசனையை விடு. லாரியைப் பாரு. காத்துக்கு வீடு வேணும்னு நான் அன்னிக்கே சொன்னேனா இல்லையா?"

அவள் பெட்டியின் மேல் உள்ளங்கையை நீட்டி, தொடாமல், மெல்ல இப்படியும் அப்படியும் நகர்த்தினாள். எனக்குச் சுருக்கென்றது. அது நீ செய்வது. நீ பொட்டு வைக்கும் முன் டவரைச் சுற்றிக் கையை அப்படித்தான் கொண்டுபோவாய்.

"இந்த ஓரத்துலதான் கொஞ்சம் காத்து வருது. மிச்சத்தையெல்லாம் அடைச்சு அப்பி வெச்சிருக்கீங்க."

"அது டிசைன்."

"டிசைன்ல காத்து வருமா? வருசா வருசம் அண்ணன் என்ன சொல்வாரு? பொட்டு வைக்கிறதுக்கு முன்னாடி அது எங்க மூச்சு விடுதுன்னு பாருன்னு சொல்வாருல்ல?"

சொல்வாய். நான் அதை உன் பக்தி என்று நினைத்திருந்தேன். கற்பூரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வது போல ஏதோ ஒரு முறை என்று விட்டுவிட்டேன். நேற்றுதான் நீ சொன்ன கோழிக்குஞ்சுக் கதை ஞாபகம் வந்தது. சரக்குப் பிரிவில் உயிருள்ள கோழிக்குஞ்சுப் பெட்டிகள் வருமாம். புதிதாக வேலைக்கு வந்தவர்கள், எழுத்து நன்றாகத் தெரியட்டும் என்று, பெட்டியின் காற்றுத் துளைகள் மேலேயே லேபிளை ஒட்டிவிடுவார்களாம். நீ ஓடி ஓடிக் கிழிப்பாயாம். "லேபிள் எங்க வேணா ஒட்டலாம்லா. மூச்சு ஒரு எடத்துலதான் விடும்." வடையைக் கடித்துக்கொண்டே சொன்னாய். நான் லாரியைத் திருப்பிக்கொண்டிருந்தேன்.

பெட்டியை நிறுத்தி, காது குடையும் பஞ்சுக் குச்சியால் ஒவ்வொரு புள்ளியாகச் சந்தனத்தை எடுத்தேன். பார்வதி பக்கத்தில் நின்று விளக்குப் பிடித்தாள். மறுபடி ஓட்டினேன். அதே மழை, அதே பாலாடைக்கட்டி. லாரி எண்ணெயில் வழுக்குவது போலப் போனது. பெட்டி வெதுவெதுப்பாக இருந்தது, அவ்வளவுதான். ரீங்காரம்கூட இல்லை.

பார்வதி கரண்டியால் தன் உள்ளங்கையில் தட்டிக்கொண்டே கேட்டாள்: "என்ன பேரு வெச்சுக்கப் போறீங்க?"

அதற்குப் பதிலை உனக்கு மட்டும் சொல்கிறேன், கவனமாகக் கேள். காற்றுக்கு வழி வேண்டும் என்றுதானே நான் சொன்னேன்? வழியை அடைத்ததும் பெட்டி திணறியது. ஆக, நிரூபணமானது நான் சொன்னதுதான். வீடு பெரிதாக இருக்க வேண்டுமா சிறிதாக இருக்க வேண்டுமா என்பது அளவு பற்றிய சில்லறை விஷயம். அதில் வேண்டுமானால் உனக்கு ஒரு புள்ளி கொடுக்கலாம். பெயர் மாற்றும் அளவுக்கு எதுவும் நடந்துவிடவில்லை.

ஆனால் நிபந்தனை நிபந்தனைதான். இன்று காலை கராங்குனிக்காரர் தள்ளுவண்டியோடு வந்தார். வயதான சீனர், என்னிடம் மலாயில்தான் பேசுவார். டவரைத் தூக்கியவர் ஒரு பக்கம் திறந்து கிடப்பதைப் பார்த்து, மூடி எங்கே என்று கேட்டார். "தாக் அடா" என்றேன். இல்லை. அவர் உள்ளே எட்டிப் பார்த்தார். காற்றைத்தான் பார்த்திருப்பார். தலையாட்டிவிட்டு லிஃப்ட்டுக்குத் தள்ளிக்கொண்டு போனார். லிஃப்ட் கதவு மூடும்வரை வாசலில் நின்றேன்.

மூடி இல்லாமல் எங்கே போகும்? அதிகாலையிலேயே நான் இரண்டு திருகாணிகளைக் கழற்றி எடுத்துவிட்டேன். இப்போது அது மேஜைமேல், சின்னப் பெட்டிக்குப் பின்னால், சுவரில் சாய்ந்து நிற்கிறது. உன் கட்டைவிரல் வலது மேல் மூலையில் இருக்கிறது.

"இந்தத் தகரம் எதுக்கு?" என்றாள் பார்வதி.

"வெப்பத் தடுப்பு. சுவர் பெயிண்ட் கெட்டுப்போகும்."

அவள் குனிந்து அதை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு தூசித் துணியை எடுத்து மேலிருந்து கீழாகத் துடைத்தாள். வலது மேல் மூலைக்கு வந்ததும் துணி சுற்றிக்கொண்டு போனது.

"அந்த எடத்தை மட்டும் விட்டுட்டேன். தொடைச்சா வெப்பம் தடுக்காதுல்ல" என்று சொல்லிவிட்டு, கால் பிடிக்கும் மெஷினை மூலைக்கு இழுத்துக்கொண்டு போனாள். அது டவரைவிட அதிகச் சத்தம் போடுகிறது. அதைச் சொல்லும் நேரம் வரும்.

சின்னப் பெட்டிக்குப் பொட்டு இல்லாமல் விட மனம் வரவில்லை. உன் முறைப்படி உள்ளங்கையை அதைச் சுற்றிக் கொண்டுபோனேன். மேலே மூச்சு விடுகிறது, பக்கங்களில் இழுக்கிறது. அதன் உடம்பு முழுக்க மூச்சுதான். கடைசியில் மின்சார அடாப்டரின் மழமழத்த முதுகில், ஒரு கடுகு அளவு வைத்தேன். நேற்றிலிருந்து எதைப் பார்த்தாலும் மூச்சைத் தேடிக் கை தானாக நீள்கிறது. சோறு வேகும் குக்கர், ஏர்கான், இன்று காலை பக்கத்து வீட்டுக்காரரின் மீன் தொட்டி. அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

இதை எழுத உட்காரும் முன் கொஞ்சம் லாரி ஓட்டினேன். ஏதோ ஒரு ஊர், சாலையில் ஒரு ஆள் இல்லை. ஒரு சந்தியில் சிவப்பு விழுந்தது. பிரேக்கை அழுத்தி நின்றேன். பச்சை வரும்வரை, பெட்டியின் மேல் கையை வைத்து அதன் மூச்சைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பார்வதியிடம் சொல்லிவிடாதே.