ஆகஸ்டில் வா

அக்டோபர் 3
சீராவிடமிருந்து செய்தி வந்தது. நாலு வயதில் அம்மாவோடு ஸ்வீடனுக்குப் போனவள், இப்போது பத்தொன்பது. ஒரே வரிதான்: "காம்பியாவுக்கு வர எந்த மாசம் நல்லது?"

நான் ஓட்டும் படகில் பறவை பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் கேட்பது. அவர்களுக்குச் சொல்வதையே அவளுக்கும் அனுப்பிவிட்டேன். நவம்பர் முதல் பிப்ரவரி வரை. மழை இல்லை, கொசு குறைவு.

அக்கா நியிமா பிடித்துக்கொண்டாள். "ஏன்டா கெப்பா, பெத்த மகளுக்கு எழுதுறியா, டூரிஸ்ட்டுக்கா? 'வந்துடும்மா, கண்ணு தேடுது'ன்னு ஒரு வார்த்தை போட்டா விரல் தேஞ்சுடுமா?"

அக்டோபர் 4
போட்டிருக்கலாம்.

ஜனவரி 11
வந்துவிட்டாள். என்னைவிட உயரம். கட்டிக்கொள்ளலாமா என்று நான் தயங்குவதற்குள் குலுக்கக் கை நீட்டிவிட்டாள்.

ஜனவரி 16
விடிந்தால் படகு, இருட்டினால் வீடு. சீசனில் ஒரு நாள்கூட விட மாட்டேன் என்கிறார் முதலாளி. இன்று அவளும் ஏறினாள் — பதினோரு பேரில் ஒருத்தியாக, கடைசி வரிசையில். நீலமார்பு மீன்கொத்தியைக் காட்டினேன். எல்லாரும் அதைப் பார்த்தார்கள். சீரா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜனவரி 20
வழியனுப்ப அக்காதான் போனாள். நான் ஆற்றில்.

"அத்தை, அவருக்கு நான் வந்தது புடிக்கலையா?" என்று கேட்டாளாம்.

புடிக்கலையாவா? ஐயோ, பதினஞ்சு வருஷம்டி!

பிப்ரவரி 2
எழுதி, அழித்து, மறுபடி எழுதி, கடைசியில் அனுப்பினேன்: "பறவை பாக்கணும்னா ஜனவரி. என்னைப் பாக்கணும்னா ஆகஸ்ட். மழை கொட்டும். ரோடெல்லாம் சேறு. கரண்ட் இருக்காது, கொசு பிடுங்கும். படகுக்கு ஒருத்தரும் வர மாட்டாங்க. நான் நாள் முழுக்க வீட்லதான் இருப்பேன்."

மார்ச் 9
பதில் இல்லை.

மே 28
படித்துவிட்டாள் என்று போன் காட்டுகிறது. அவ்வளவுதான்.

ஜூலை 6
முதல் பெருமழை. படகைக் கரையேற்றிக் கவிழ்த்தாயிற்று.

ஆகஸ்ட் 14
மூன்றாம் நாளாக விடாத மழை. கூரை இரண்டு இடத்தில் ஒழுகுகிறது. காலையிலிருந்து நான் எங்கும் போகவில்லை. பக்கத்து அறையில் ஒரே தட்டைச் சுற்றி உட்கார்ந்து அத்தையும் மருமகளும் ஏதோ சண்டை, சிரிப்பு.

"டேய், நோட்டை மூடிட்டு வாடா," என்று அக்கா கத்துகிறாள். "உன் பங்கு மீனையும் உம் மகளே முடிச்சுடுவா போலிருக்கு!"


போகிறேன்.