உன் இருமலைச் சொன்னவள்

அன்புள்ள அக்கா,

நேற்று திண்டிவனத்திலிருந்து பஸ் ஏறி, விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் நின்றுவிட்டு, உன் வீட்டுக்கு வராமலே திரும்பினேன்.

நம் செருப்புக் கம்பெனியில் உனக்குக் காசநோய் என்று தெரிந்து விடுப்பில் அனுப்பிய அன்று, கேட் அருகே "எவடி போட்டுக் குடுத்தா?" என்று அழுதாய். நான் என் மிஷினுக்குத் திரும்பிப் போய்விட்டேன். உன் இருமலைச் சூப்பர்வைசரிடம் சொன்னது நான்தான். முதலில் உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும்.

பிறகு எங்கள் எல்லோருக்கும் பரிசோதனை செய்தார்கள். உன் பக்கத்து மிஷின் சங்கவிக்கும் தொற்றியிருக்கிறது. ஏழு மாதக் கர்ப்பிணி. "மாத்திரை போட்டுக்கினு இருக்கேன்க்கா, புள்ளைக்கு ஒண்ணும் ஆகாதாம்" என்கிறாள்.

எனக்கு இல்லை. இருந்திருந்தால் உன் முகத்தைப் பார்க்கத் தைரியம் வந்திருக்கும்.

மாத்திரையை ஒரு நாளும் விடாதே. ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். திட்டுவதற்காகவாவது கதவைத் திற.

உன் எதிர் மிஷின்காரி