பிரெஞ்சுப் புத்தகத்துப் பாவிகள்

அன்புள்ள மதலேனுக்கு,

சேசுவின் கிருபையால் நான் சுகம். உன் இருமல் நின்றதா?

இந்தச் சுரங்க ஊரில் எனக்குப் பெரிய தொல்லை. எங்கள் துரை தூக்கியெறிந்த பிரெஞ்சு நாவலை, எங்கள் கோயில் சாமியாரின் பாஷையில் இருப்பதால் யாரோ புனிதரான அர்ச்சியசிஷ்டர் சரித்திரம் என்று நினைத்து, சமையற்காரி மரியகுழந்தை கோயிலில் வைத்துவிட்டாள். புதுச்சேரிக்காரன் என்று என்னைப் பிடித்து வாசித்துச் சொல்ல வைக்கிறார்கள். கதை முழுக்க ஓர் உத்தமியை வதைக்கிறார்கள். வதைத்தவர்களே சுகமாக வாழ்கிறார்கள். அசிங்கத்தையெல்லாம் விழுங்கிவிட்டு மீதியைச் சொன்னால் பெண்கள் அழுகிறார்கள். இது வெறும் நாவல் என்று சொன்னால் ஒருத்தியும் நம்புவதில்லை.

நேற்று கதை கேட்க வந்த தாயம்மா, "அந்தப் பாவிங்களுக்கு இன்னா தண்டனை?" என்றாள். ஒன்றுமில்லை என்று சொல்ல வாய் வராமல், சுரங்க ஷாஃப்ட் குழியில் விழுந்து செத்தார்கள் என்றேன்.

"எங்க வூட்டுக்காரரும் அதுலதான் வுழுந்தாரு. அவரு இன்னா பாவம் பண்ணாரு?"

நல்லவர்கள் பிழைக்கிற புத்தகம் ஏதாவது வீட்டில் இருந்தால் ஊறுகாயோடு அனுப்பு. ஷிஃப்டுக்குச் சங்கு ஊதிவிட்டது.

உன்
சவரிமுத்து